‘குட்டி கடிக்கிறான்… திருப்பிக் கொடுத்துவிடலாமா?’ – கால்நடை மருத்துவரின் பதில்

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவர் நீளமாகவே எழுதியிருக்கிறார். சுருக்கிச் சொல்கிறேன்.

பத்து வயது மகனின் நச்சரிப்பு தாங்காமல் ஒரு மாதத்துக்கு முன் லேப்ரடார் ஆண் குட்டி ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். வந்தபோது அதற்கு ஒன்றரை மாதம், இப்போது இரண்டரை. விற்றவர் “ஊசி போட்டாச்சு” என்று ஓர் அட்டையைக் கையில் கொடுத்திருக்கிறார். பாலும் கால்சியம் டானிக்கும் கொடுக்க வேண்டும், எல்லா ஊசியும் முடியும்வரை வாசலைத் தாண்ட விடக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். அதை அப்படியே கடைப்பிடிக்கிறார்கள்.

குட்டியோ பொழுது சாய்ந்தால் வீட்டையே இரண்டாக்குகிறான். கால், துணி, சோபா உறை என்று எதைக் கண்டாலும் பாய்ந்து கடிக்கிறான், உறுமுகிறான். போன வாரம் நான்கு வயது மகளின் புறங்கையில் பல் பட்டு லேசாக ரத்தம் வந்திருக்கிறது. கழுவிக் களிம்பு போட்டுவிட்டார்கள். சிறுநீர் நினைத்த இடத்தில்தான். கணவர் மூக்கைப் பிடித்து அதில் தேய்த்துப் பார்த்தார். இப்போது சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்து இருந்துவிட்டு வருகிறான். இரவில் பால்கனியில் கட்டினால் விடிய விடிய அழுகை. மலமும் இளக்கமாகவே போகிறது. உடம்பு சுடுகிறதே என்று ஒரு நாள் குழந்தைகளுக்கு வைத்திருந்த பாராசிட்டமால் சிரப்பில் அரை ஸ்பூன் கொடுத்திருக்கிறார்.

“முரட்டு நாய் இது, வாங்கின இடத்திலேயே விட்டுவிட்டு வா” என்கிறார் மாமியார். பயிற்சியாளர் ஒருவரோ, நாலு மாதம் ஆனதும் ஒரு மாதம் தன்னிடம் விட்டால் சரிசெய்து தருவதாகச் சொல்கிறார். வாசகி கேட்பது: “பிறவியிலேயே இப்படியா? வைத்துக்கொள்ளலாமா, கூடாதா?”

சகோதரி,

நீங்கள் பயந்து பயந்து எழுதியவை பெரும்பாலும் அந்த வயதுக்கே உரிய சேட்டைகள். போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போனவைதான் எனக்குக் கவலை தருகின்றன: மகளின் கையில் பட்ட பல், பால், டானிக், காய்ச்சல் மருந்து, வாசல் தாண்டாத ஒரு மாதம். அதனால் நீங்கள் கேட்ட வரிசையை விட்டுவிட்டு, எது அவசரமோ அதிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் மகளின் கை

இதைப் படித்ததும் மகளை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். “ஊசி போட்ட குட்டிதானே” என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றரை மாதத்துக் குட்டிக்குப் போடும் ஊசி பார்வோ (உயிருக்கே ஆபத்தான ரத்தபேதி), டிஸ்டெம்பர் போன்ற நாய்களின் தொற்றுநோய்களுக்கானது. ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) ஊசி வழக்கமாக 12 வாரம் நிறைந்த பிறகுதான் போடப்படுகிறது. உங்கள் குட்டிக்கு இன்னும் அந்த வயதே ஆகவில்லை. குட்டிகளுக்கு ரேபிஸ் வராது என்பதும் தவறு. தாய்க்கு ஊசி போட்டிருந்தார்களா, உங்களிடம் வருவதற்கு முன் அவன் எந்தெந்த நாயோடு இருந்தான் என்பதெல்லாம் நமக்குத் தெரியாது.

வாய்ப்பு குறைவுதான், பதற வேண்டாம். ஆனால் அறிகுறி தொடங்கிவிட்டால் ஏறக்குறைய யாரும் பிழைக்காத நோய் இது. அதனால் வாய்ப்பு குறைவு என்று விட்டுவிடவும் முடியாது. கடித்த நாளிலிருந்து 10 நாள் குட்டி நலமாக இருந்தால், கடித்த நேரத்தில் அவன் எச்சிலில் கிருமி இல்லை என்று கொள்வது மருத்துவ வழக்கம். அதை வைத்து ஊசியைத் தொடர்வதா நிறுத்துவதா என்று மகளின் மருத்துவர் முடிவு செய்வார். பத்து நாள் பார்த்துவிட்டு அப்புறம் போகலாம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். இனி எப்போது பல்லோ நகமோ கீறினாலும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். குழாயடியில் நின்று பார்த்தால்தான் அது எவ்வளவு நீண்ட நேரம் என்று தெரியும். களிம்பெல்லாம் அதற்குப் பிறகு.

அட்டையில் என்ன இருக்கிறது?

விற்றவர் கொடுத்த அட்டையை எடுத்துப் பாருங்கள். முறையாகப் போட்ட ஊசி என்றால் மருந்துக் குப்பியிலிருந்து உரித்த சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். மருந்தின் பெயர், தொகுதி எண், போட்ட தேதி, போட்ட மருத்துவரின் கையெழுத்து இருக்கும். வெறும் பேனாவில் ஒரு தேதியும் ஒரு டிக்கும் மட்டும் என்றால், ஊசியே போடவில்லை என்று வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்குவதுதான் பாதுகாப்பு.

ஸ்டிக்கர் இருந்தாலும் அந்த ஒரு ஊசி போதாது. தாயின் சீம்பால் வழியாகக் குட்டிக்கு நோய் எதிர்ப்பு கிடைக்கிறது. அது உடம்பில் இருக்கும்வரை நாம் போடும் தடுப்பூசியையும் வேலை செய்ய விடாது. அது ஒரு குட்டிக்கு எட்டு வாரத்தில் தீர்ந்துவிடும், இன்னொன்றுக்குப் பதினாலு வாரம்வரைகூட நீடிக்கும். எப்போது தீரும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாததால்தான் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட்டு, கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ வருமாறு பார்த்துக்கொள்கிறோம். ஒன்றரை மாதத்தில் போட்ட ஊசி பலித்திருக்கலாம், பலிக்காமலும் இருந்திருக்கலாம். அடுத்தது ஏற்கெனவே தள்ளிப்போய்விட்டது. இந்த வாரமே போய்விடுங்கள்.

இன்னொன்று. எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்பதைப் பல நாடுகளில் சட்டமே தடை செய்கிறது. உங்களுக்கு ஆறு வாரத்தில் கொடுத்திருக்கிறார். அட்டை, ரசீது, விற்றவரோடு பேசிய குறுஞ்செய்திகள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். பிறகு முறையிட வேண்டி வந்தால் உங்கள் கையில் இருப்பவை அவைதான்.

பால், டானிக், காய்ச்சல் மருந்து

மூன்றையும் இன்றோடு நிறுத்துங்கள்.

தாய்ப்பால் மறந்த நாய்களில் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காது. மலம் இளகிப்போவதற்குப் பால் ஒரு காரணமாக இருக்கலாம். குடற்புழு இன்னொரு காரணம். உருண்டைப் புழு குட்டி வயிற்றில் இருக்கும்போதே தாயிடமிருந்து தொற்றிவிடும், கொக்கிப்புழு தாய்ப்பாலில் வரும். ஆகவே சுத்தமான வீட்டில் வளர்கிற குட்டிக்குப் புழு இருக்காது என்று சொல்ல முடியாது. பிறந்த இரண்டாவது வாரத்தில் தொடங்கி எட்டு வாரம்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை புழு மருந்து கொடுப்பது பொதுவான கணக்கு. எடை பார்த்துத்தான் அளவு. உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. நாயின் உருண்டைப் புழு முட்டை கைவழியாக வாய்க்குப் போனால் குழந்தைகளையும் பாதிக்கும் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். மலத்தை உடனுக்குடன் அள்ளிவிடுங்கள், குட்டியைத் தொட்டுவிட்டுச் சாப்பிட உட்காரும் பிள்ளைகளைக் கை கழுவச் சொல்லுங்கள்.

டானிக் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். பெரிய இனக் குட்டிக்கு எலும்பு பலமாக வேண்டும், அதற்குக் கால்சியம் என்று நினைப்பது இயல்புதான். வளர்ந்த நாயின் குடல் தேவைக்கு மேல் வரும் கால்சியத்தைப் பெருமளவு தள்ளிவிடும். இந்த வயதுக் குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கொடுப்பதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். லேப்ரடார் போல வேகமாக வளரும் இனத்தில் அதனால் எலும்பும் மூட்டும் கோணலாக வளரலாம். கால் வளைந்துவிடக் கூடாது என்று கொடுக்கும் டானிக்கே காலை வளைக்கிறது. இருந்தும் அதை எழுதிக்கொடுப்பவர்கள் எங்கள் தொழிலிலும் இருக்கிறார்கள், என்ன செய்வது! பெரிய இனக் குட்டிகளுக்கென்றே வரும் முழுச்சத்து உணவு கொடுங்கள். அதில் கால்சியம் அளவாகவே இருக்கும். இப்போதைக்கு நாளுக்கு மூன்று, நான்கு வேளை. ஆறு மாதத்துக்குப் பின் இரண்டு வேளை போதும். பழைய உணவிலிருந்து ஒரேயடியாக மாறாமல் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். வீட்டிலேயே சமைத்துப் போடத்தான் விருப்பம் என்றால் அதற்கும் வழி உண்டு, ஆனால் மருத்துவரிடம் அளவு எழுதி வாங்கிக்கொண்டு செய்யுங்கள். வெறும் இறைச்சியாகப் போட்டாலும் கால்சியம் குறைந்து எலும்பு கெடும்.

காய்ச்சல் என்று நினைத்ததும் காய்ச்சலாக இருந்திருக்காது. நாயின் இயல்பான வெப்பமே 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். நம் கைக்கு அது எப்போதும் சுடத்தான் செய்யும். ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் தெர்மாமீட்டர்தான் சரியாகக் காட்டும். பாராசிட்டமால் நாய்க்கு ஈரலைக் கெடுக்கும், இபுபுரூஃபன் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சைலிட்டால் என்ற இனிப்புச் சேர்த்த சூயிங்கம் எல்லாம் அவன் எட்டாத உயரத்துக்குப் போகட்டும். சமைத்த எலும்பும் கூடாது, சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

சரி, இப்போது கடி

இரண்டரை மாதக் குட்டியின் வாயில் 28 பால்பற்கள், ஒவ்வொன்றும் ஊசி முனை. நாலு மாத வாக்கில் விழத் தொடங்கி, ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். அதுவரை கிடைப்பதையெல்லாம் வாயில் வைத்துத்தான் பார்ப்பான். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று உடன்பிறந்த குட்டிகள்தான் கற்றுக்கொடுக்கும். ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை விட்டு எழுந்து போய்விடும். உங்கள் குட்டி ஆறு வாரத்திலேயே பிரிக்கப்பட்டவன். அந்தப் பாடம் பாதியில் நின்றுபோயிற்று. அதை இனி நீங்கள்தான் நடத்த வேண்டும்.

பொழுது சாயும்போது மட்டும் மோசமாகிறது என்பதைக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். இந்த வயதில் குட்டி நாளுக்கு 18 மணி நேரத்துக்கு மேல் தூங்க வேண்டும். பள்ளியிலிருந்து பிள்ளைகள் வந்தபின் அவனை யாரும் தூங்க விடுவதில்லை என்று உங்கள் கடிதமே சொல்கிறது. தூக்கம் கண்ணைச் சொக்கும்போது குழந்தை அடம்பிடித்து அலறுமே, அதேதான் இதுவும். மாலையில் ஒரு மணி நேரம் விழித்திருந்தால் அடுத்து அவனை அமைதியான மூலையில், தடுப்புக்கு அப்பால், மெல்லுவதற்கு ஏதாவது கொடுத்துப் படுக்க வையுங்கள். பலருக்குப் பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும்.

பல் பட்டால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், ஓடும் கையைத் துரத்துவது அவனுக்கு விளையாட்டு. அசையாமல் இருந்து, ரப்பர் பொம்மையை வாயில் கொடுங்கள். அதை விட்டுவிட்டு மறுபடியும் கைக்கே வந்தால் ஒன்றும் சொல்லாமல் எழுந்து தடுப்புக்கு அந்தப் பக்கம் அரை நிமிடம் போய் நில்லுங்கள். திரும்பி வாருங்கள். மறுபடியும் அதே. வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி செய்தால்தான் பலிக்கும். ஒருவர் அடிக்கிறார், ஒருவர் சிரிக்கிறார் என்றால் குட்டிக்கு எதுவும் புரியாது. அடியும், வாயைப் பிடித்து அழுத்துவதும் வேண்டவே வேண்டாம். கையைக் கண்டாலே தற்காத்துக்கொள்ளக் கடிக்கும் நாய் அப்படித்தான் உருவாகிறது. மகளும் குட்டியும் மட்டும் ஒரே அறையில் இருக்க ஒரு நிமிடம்கூட விடாதீர்கள். இது இந்தக் குட்டிக்கு மட்டும் இல்லை, உலகத்திலேயே சாதுவான நாய்க்கும் இதே விதிதான்.

உறுமலைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். முன்னங்காலைத் தாழ்த்திப் பின்பக்கம் தூக்கி, உடம்பு நெளிய நெளிய உறுமினால் அது விளையாட்டு. சாப்பாட்டுத் தட்டின் மேல் குனிந்தபடி உடம்பு விறைத்து, அசையாமல், கண்ணின் வெள்ளை தெரிய முறைத்து உறுமினால் அது வேறு. அப்போதும் உறுமியதற்காகத் திட்டாதீர்கள், அது எச்சரிக்கை. எச்சரித்தால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். விலகிவிட்டு எங்களிடம் அழைத்து வாருங்கள். உங்கள் கடிதத்தில் அந்த மாதிரி எதுவும் இல்லை.

சிறுநீரும் இரவு அழுகையும்

மூக்கைத் தேய்த்ததில் அவன் எதையுமே கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. “மனிதர் பார்க்கும்போது போனால் ஆபத்து” என்று நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறான். சோபாவுக்குப் பின்னால் போவது அதனால்தான். இரண்டரை மாதக் குட்டியால் அதிகபட்சம் மூன்று மணி நேரம் அடக்க முடியும், அதுவும் தூங்கும்போது. விழித்திருக்கையில் முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை, தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் நீங்களே தூக்கிக்கொண்டுபோய் ஒரே இடத்தில் விடுங்கள். போய் முடித்த அந்த நொடியிலேயே தின்பண்டம் ஒரு துணுக்கு கொடுங்கள். வீட்டுக்குள் திரும்பி வந்து கொடுத்தால் வீட்டுக்கு வந்ததற்குக் கொடுத்ததாக நினைத்துக்கொள்வான். தவறிய இடத்தை, செல்லப்பிராணிக் கழிவுக்கென்றே வரும் என்சைம் திரவத்தால் துடையுங்கள். அம்மோனியா கலந்த கிளீனரின் வாடை சிறுநீரின் வாடையை ஒத்திருப்பதால் அங்கேயே மறுபடியும் போவான். சொட்டுச் சொட்டாக அடிக்கடி போகிறான், முக்குகிறான், ரத்தம் கலந்திருக்கிறது என்றால் பயிற்சிக் குறை இல்லை, சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம்.

பால்கனியில் கட்டிப்போடுவதை விட்டுவிடுங்கள். பிறந்ததிலிருந்து கூட்டமாகப் படுத்தவனுக்குத் தனிமை பழக்கமில்லை. கயிறு கழுத்தை இறுக்கும் ஆபத்தும் இருக்கிறது. உங்கள் கட்டிலருகே ஒரு பெட்டியோ கூண்டோ வைத்துப் படுக்க வையுங்கள். இரவில் முனகினால் விளக்கைப் போட்டுக் கொஞ்சாமல், வெளியே கொண்டுபோய்க் கழிக்க வைத்து, திரும்பப் படுக்க வையுங்கள். பழகிய பிறகு பெட்டியை நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போகலாம்.

வாசலைத் தாண்டலாமா?

தாண்ட வேண்டும். விற்றவர் சொன்னதில் பாதி உண்மை. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். அதனால் தெரியாத நாய்கள் மலம் கழிக்கும் இடத்தில் அவனைத் தரையில் இறக்கக் கூடாது. ஆனால் குட்டியின் மூளை புதியவற்றைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் காலம் மூன்றாவது வாரத்தில் தொடங்கி 12 - 14 வாரத்தில் முடிந்துவிடும். ஊசியெல்லாம் முடியட்டும் என்று காத்திருந்தால் அந்தக் காலம் போய்விடும். இந்தக் குட்டிக்கு மிஞ்சியிருப்பது சில வாரங்கள்தான். பிற்காலத்தில் நாய் கடிப்பதற்குப் பெரும்பாலும் பயமே காரணம். அதனால் மாமியாரின் கவலைக்கு உண்மையான மருந்து இதில்தான் இருக்கிறது.

கையில் தூக்கிக்கொண்டு போங்கள். வண்டிச் சத்தம், குடை, தொப்பி போட்டவர், தடி ஊன்றுபவர், சைக்கிள், மழை எல்லாவற்றையும் தூரத்திலிருந்து பார்க்கட்டும். ஊசிகள் முழுமையாகப் போட்ட, அமைதியான நாய் இருக்கும் நண்பர் வீட்டுக்கு அழைத்துப் போங்கள். பயந்தால் வற்புறுத்தாமல் தூரத்தைக் கூட்டுங்கள்.

திருப்பிக் கொடுப்பதும் பயிற்சிக்கு விடுவதும்

வாங்கிய இடத்தில் விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆறு வாரத்தில் குட்டியை விற்றவர், அரைகுறை ஊசியோடு அவனை அடுத்தவருக்கு விற்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் இரண்டு குழந்தைகள், வேலை, வீடு எல்லாவற்றோடும் இது உங்களால் முடியாது என்று தோன்றினால், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்படியென்றால் இப்போதே முடிவெடுங்கள். மூன்று மாதக் குட்டிக்கு நல்ல வீடு கிடைப்பது எளிது, ஒன்பது மாத லேப்ரடாருக்குக் கடினம். ஊசி போட்டு, புழு மருந்து கொடுத்து, கடிப்பதை மறைக்காமல் சொல்லி, தெரிந்த குடும்பத்துக்கோ பொறுப்பான விலங்கு நல அமைப்புக்கோ கொடுங்கள். வைத்துக்கொள்வது என்றால் இந்தக் கடி தணிய ஆறேழு மாத வயதுவரை ஆகும் என்று மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். உங்கள் மகன் கேட்டு வாங்கியதுதான், ஆனால் பத்து வயதுப் பையனால் நாயின் பொறுப்பைச் சுமக்க முடியாது. உணவுத் தட்டு கழுவுவது, தண்ணீர் மாற்றுவது அவன் வேலையாகட்டும். மற்றதெல்லாம் பெரியவர்களுடையது.

பயிற்சியாளரிடம் ஒரு மாதம் விட்டால் நாய் அவர் பேச்சைக் கேட்கக் கற்றுக்கொள்ளும், உங்கள் பேச்சை இல்லை. நாலு மாதம்வரை காத்திருக்கவும் தேவையில்லை. நீங்களும் கூட இருந்து கற்கும் வகுப்பு எதுவானாலும் இப்போதே தொடங்கலாம். ஆனால், முதல் ஊசிக்குப் பின் ஒரு வாரம் ஆகியிருக்க வேண்டும், புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும், மற்ற குட்டிகளும் ஊசி போட்டவையாக இருக்க வேண்டும். சேர்க்கும் முன் பயிற்சியாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நாய் சரியாகச் செய்தால் என்ன கொடுப்பீர்கள்? தவறு செய்தால் என்ன செய்வீர்கள்? நான் முழு நேரமும் உட்கார்ந்து பார்க்கலாமா? கழுத்தை இறுக்கும் சங்கிலி, முள் பட்டை, மின் அதிர்ச்சி என்று எது காதில் விழுந்தாலும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

கடைசியாக, எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பது. திரும்பத் திரும்ப வாந்தி, ரத்தம் கலந்த நாற்றமான பேதி, தொடர்ந்து இரண்டு வேளை சாப்பிடாமல் சுருண்டு படுப்பது, ஈறு வெளுத்திருப்பது: இதில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று பார்க்காமல் அந்த நேரமே மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி முடியாத குட்டிக்குப் பார்வோ வந்தால் ஒரே நாளில் நிலைமை கைமீறிவிடும். போகும்போது அது பார்வோவாக இருக்கலாம் என்று முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், மற்ற குட்டிகள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் காத்திருக்க விட மாட்டார்கள்.

அவசரம் எதுவும் இல்லையென்றால், இந்த வாரம் ஊசிக்குப் போகும்போது அந்த அட்டை, டானிக் புட்டி, அன்று காலை போன மலம் கொஞ்சம் ஒரு மூடிய டப்பாவில், மாலை நேரச் சேட்டையை எடுத்த ஒரு நிமிட வீடியோ, நான்கையும் கொண்டுபோங்கள். அரை ஸ்பூன் பாராசிட்டமால் கொடுத்ததையும், எந்த நாள் என்பதோடு சொல்லிவிடுங்கள். திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம். தேவையென்றால் ஈரலுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.